ஒரு நாளைக்கு 300 பேர்

கம்பர்லாண்ட் தீவுக்குப் பாலம் கிடையாது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துத் தென்கோடியில், ஃபுளோரிடா எல்லையை ஒட்டி, செயின்ட் மேரிஸ் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அங்கிருந்து படகு ஏறினால் முக்கால் மணி நேரப் பயணம். அந்தப் படகில் கார் ஏற்ற மாட்டார்கள், நாய் பூனை ஏற்ற மாட்டார்கள். தீவில் கடை இல்லை. தீப்பெட்டி மறந்துபோனாலும் வாங்க இடமில்லை. சேர்ந்த குப்பையை நாமே மூட்டை கட்டித் திரும்ப எடுத்துவர வேண்டும். கடைசிப் படகைத் தவறவிட்டால் சொந்தக் காசில் தனிப்படகு பிடித்துத்தான் கரை சேர வேண்டும். இதற்கெல்லாம் சம்மதித்து வருபவர்களிலும் ஒரு நாளைக்குச் சுமார் 300 பேருக்குத்தான் இடம்.

கிளம்புவதற்கு முன் இந்த விதிகளை வாசித்துக் காட்டியபோது தம்பி கேட்டான்: "ஏன்க்கா, கடல் பார்க்கணும்னா ஒரு ஹோட்டல் ரூம் போட்டு பால்கனியில உட்கார்ந்து பார்த்தா போதாதா?" நியாயமான கேள்விதான். அந்த நேரத்தில் என்னிடம் சரியான பதில் இல்லை. அங்கே கூடாரம் போட்டுத் தங்கி, கால் வலிக்க நடந்து, அந்தத் தீவின் கதையையும் தேடிப் படித்த பிறகு இப்போது இருக்கிறது. அங்கே நாம் பார்க்கும் ஆளில்லாத கரை தானாக மிஞ்சியதில்லை. பலமுறை அதற்கு விலை பேசியிருக்கிறார்கள்; ஒவ்வொரு முறையும் யாரோ குறுக்கே நின்றிருக்கிறார்கள். நமக்குச் சிரமமாகத் தெரியும் ஒவ்வொரு விதியும் அந்தக் கரைக்குப் போட்ட வேலி.

முதலில் மூட்டை விஷயம். கூடாரத் தங்கலில் மற்ற எதையும்விட இதுதான் பயணத்தைத் தீர்மானிக்கிறது. காரில் போய் இறங்கும் முகாம் என்றால் தலையணையில் இருந்து அடுப்பு வரை அள்ளிப் போட்டுக்கொள்ளலாம். படகில் போகும் தீவுக்கு அப்படி முடியாது. காரிலிருந்து படகுத்துறை, துறையிலிருந்து படகு, படகிலிருந்து தீவின் துறை, அங்கிருந்து முகாம் என்று ஒவ்வொரு பொருளையும் பலமுறை கையால் தூக்கி வைக்கிறோம். சக்கரம் வைத்த பெட்டி மணலில் ஒரு அடிகூட உருளாது. தோளில் மாட்டும் பைதான் சரி. சீ கேம்ப் என்ற முகாம் மட்டும் துறையிலிருந்து அரை மைல்தான்; சாமான் வைத்துத் தள்ளிக்கொண்டு போகக் கைவண்டிகள் அங்கே கிடக்கும். அதைத் தாண்டிப் போகிறவர்கள் முழுவதையும் சுமந்தாக வேண்டும்.

குடிதண்ணீர் சீ கேம்ப்பில் குழாயில் வருகிறது, கழிப்பறையும் குளிர்ந்த நீரில் குளிக்க வசதியும் இருக்கின்றன. அதனால் தண்ணீர்ச் சுமை இல்லை. சாப்பாட்டுக்கு முதல் நாள் புளிசாதம், அப்புறம் சப்பாத்தியும் தொக்கும், அதற்கு மேல் அடுப்பில் கொதிக்கவைத்துச் சாப்பிடும் உப்புமா, சேமியா வகை. குளிர்பெட்டியின் எடையைத் தவிர்த்தாலே பாதிச் சுமை குறைந்துவிடும். கூடாரம் கட்டும் சாதாரண முளைகள் மணலில் பிடிக்காது, உருவிக்கொண்டு வந்துவிடும்; நீளமான, அகலமான முளை வேண்டும். முழுக்கால் சட்டையும், அதன் அடிப்பக்கத்தை உள்ளே விட்டுக்கொள்ள நீளக் காலுறையும் கட்டாயம். காட்டுப் பாதையில் உண்ணி நிறைய. இதோடு, இந்தக் கரை முழுக்க மணல் பூச்சி என்று ஒன்று உண்டு. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு சின்னது, கடித்தால் அரிப்பு நாள்கணக்கில் போகாது. சாதாரணக் கொசுவலையின் கண் வழியாக அது புகுந்துவிடும். கண் மிக நெருக்கமான வலை உள்ள கூடாரம் வாங்கிக்கொள்வது நல்லது. காற்று வீசும்போது அது தலைகாட்டாது என்பதால் அனுபவசாலிகள் மதியச் சாப்பாட்டைக் கடற்கரையில் வைத்துக்கொள்கிறார்கள்.

கோடையில் வெயிலும் இடிமழையும் பூச்சியும் சேர்ந்து வாட்டும். நாங்கள் போனது நவம்பரில், நன்றி நவிலும் நாள் விடுமுறையை ஒட்டி. தம்பி, நான், என் மகள். முகாமில் இடத்தையும் படகில் இடத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும், இரண்டும் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும்.

படகு கிளம்பியதும் செயின்ட் மேரிஸ் ஆற்றில் இறங்கிப் போகிறது. இரண்டு பக்கமும் புல், புல், புல். உப்புநீரில் நின்று வளரும் இந்தப் புல்லுக்கு ஸ்பார்ட்டினா என்று பெயர். வேறு செடி எதுவும் தாங்காத உப்பை இது தன் இலை வழியாகவே வெளியேற்றிவிடுகிறது. ஜார்ஜியாவின் கடற்கரை நூறு மைல் நீளம்தான். ஆனால் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் மிஞ்சியிருக்கும் உப்புச் சதுப்பில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இங்கேதான் இருக்கிறது. காரணம் அலையேற்றம். கரோலினாவிலிருந்து ஃபுளோரிடா வரை உள்நோக்கி வளைந்த கரையின் நடுவில், குடைவின் ஆழமான இடத்தில் ஜார்ஜியா அமைந்திருக்கிறது. ஏறிவரும் கடல்நீர் அங்கே வந்து குவிகிறது. சாதாரண நாளில் ஆறு அடிக்கு மேல், அமாவாசை பௌர்ணமியை ஒட்டி எட்டு ஒன்பது அடிகூட நீர் ஏறி இறங்கும். அந்த நீர்தான் ஒரு நாளைக்கு இரண்டு முறை சதுப்புக்குள் புகுந்து வண்டலைப் படியவைத்துவிட்டு, இறால் குஞ்சையும் மீன் குஞ்சையும் வளர்த்து அனுப்புகிறது. வற்றம் இருக்கும்போது போனால் கருஞ்சேற்றில் ஒற்றைக் கொடுக்கு பெருத்த நண்டுகள் ஆயிரக்கணக்கில் ஓடுவதைப் பார்க்கலாம்.

இதே நீர்ப்பரப்பின் மேற்குக் கரையில் கிங்ஸ் பே கடற்படைத் தளம் இருக்கிறது. அணு ஏவுகணை தாங்கிய நீர்மூழ்கிகளின் தளம். அவை போய்வருவதற்காகத் தூர்வாரி ஆழப்படுத்திய வாய்க்காலைத்தான் நம் படகும் கடந்து போகிறது. ஒரு பக்கம் அது, மறுபக்கம் குதிரை மேயும் சதுப்பு. இரண்டுக்கும் நடுவில் சில மைல்கூட இல்லை. படகில் எல்லாரும் டால்ஃபினைப் பார்க்கும் அவசரத்தில் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

இறங்கியதும் வனக்காவலர் ஒருவர் முகாமுக்கு வந்தவர்களை நிறுத்தி விதிகளைச் சொன்னார். பாதிக்கு மேல் ரக்கூன் என்ற சின்னக் காட்டு விலங்கைப் பற்றியே. ஒவ்வொரு முகாமிடத்திலும் உணவு வைக்கக் கம்பிக் கூண்டு இருக்கிறது. சாப்பாடு மட்டும் அல்ல, பற்பசை, சோப்பு, பயன்படுத்திய டிஷ்யூ என்று வாசனை உள்ள எதுவும் கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது. ரக்கூனுக்கு ஜிப்பைத் திறக்கத் தெரியும். திறக்கப் பொறுமை இல்லாவிட்டால் கிழித்துவிடும். என் மகள் தன் பையிலிருந்து மிட்டாய்களை எடுத்து எண்ணி எண்ணிக் கூண்டுக்குள் வைத்துவிட்டு, "மாமா, உங்க பாக்கெட்ல இருக்கிற கடலைமிட்டாய்?" என்றாள். தம்பி ஒன்றும் பேசாமல் எடுத்துக் கொடுத்தான். அன்று இரவு வந்த ரக்கூன் கூண்டின் தாழ்ப்பாளைத் தன் குட்டிக் கைகளால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு அடுத்த முகாமுக்குப் போனது. மனிதச் சாப்பாட்டுக்குப் பழகிய விலங்கு தானாக இரை தேடுவதை விட்டுவிடுகிறது, ஆளைக் கண்டும் பயப்படாமல் போகிறது. கூண்டு அதன் நன்மைக்காகவும்தான்.

சீ கேம்ப் மணல்மேடுகளுக்குப் பின்னால், லைவ் ஓக் மரங்களுக்கு அடியில் இருக்கிறது. அந்த மரங்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அவை உயரத்தைவிட அகலத்தில்தான் வளர்கின்றன. கிளைகள் கிடையாகப் போய், தரையில் படுத்து, மறுபடி எழுகின்றன. கடலிலிருந்து வரும் காற்றில் உப்புத்துளி கலந்திருக்கிறது. அது கடலைப் பார்த்த பக்கத்துத் தளிர்களை எல்லாம் கருக்கிவிடுகிறது. நிலத்தை நோக்கிய பக்கம் மட்டும் தழைக்கிறது. இதனால் காட்டின் மேற்பரப்பு மணல்மேட்டின் பக்கம் தாழ்ந்து, உள்ளே போகப் போக உயர்ந்து, சீவிவிட்ட மாதிரி சரிவாக நிற்கிறது. அந்தச் சரிவின் மீது ஏறி காற்று மேலே போய்விடும். வெளியே கடற்கரையில் தொப்பி பறக்கும் காற்று அடிக்கும்போது, முகாமுக்குள் மெழுகுவத்தி அணையாமல் எரிந்தது.

கிளைகளின் முதுகில் ஒரு வகைப் பெரணி படர்ந்திருக்கிறது. நாங்கள் போன அன்று அது பழுப்பாகச் சுருண்டு, செத்துப்போனது போலக் கிடந்தது. மறுநாள் விடியலில் மழை தூறியது. மதியத்துக்குள் எல்லாக் கிளையும் பச்சை. தன் உடலில் உள்ள நீரில் பெரும்பகுதியை இழந்தும் அது உயிரோடு காத்திருக்குமாம். கீழே சா பால்மெட்டோ என்ற குட்டைப் பனை முழங்காலுக்கு மேல் அடர்ந்து நிற்கிறது. ஒவ்வொரு முகாமிடமும் அந்தப் பனைக்குள் குடைந்த ஓர் அறை. பக்கத்து முகாமில் ஆள் இருப்பது சிரிப்புச் சத்தத்தால்தான் தெரிந்தது. மேலே கிளைகளிலிருந்து சாம்பல் நிறத்தில் தாடிதாடியாகத் தொங்கும் ஸ்பானிஷ் மாஸ் அன்னாசிக் குடும்பத்துச் செடி, மண்ணில் வேர் விடாமல் காற்றின் ஈரத்திலேயே வாழ்கிறது.

மணல்மேடுகளைப் பலகைப் பாதை வழியாகத்தான் கடக்க வேண்டும். மேட்டின் மேல் வளரும் ஸீ ஓட்ஸ் என்ற உயரப் புல்லைப் பறிப்பது ஜார்ஜியாவில் சட்டப்படி குற்றம். அதன் வேர்தான் மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு காலடிப் பாதை விழுந்தால் அந்த இடைவெளியில் காற்று நுழைந்து மேட்டையே அரித்துவிடும். பாதை முடிந்து வெளியே வந்தால் கடற்கரை. வற்றத்தின்போது அதன் அகலம் பார்க்கப் பிரமிப்பாக இருக்கும். ஈரமணல் கெட்டித்துக் கிடக்கும். இடமும் வலமும் கண்ணுக்கு எட்டிய வரை ஒரு குடைகூட இல்லை.

கடற்கரையில் கூடாரம் போட அனுமதி இல்லை. காரணம் ஆமைகள். மே மாதத்திலிருந்து ஆகஸ்ட் வரை பெருந்தலைக் கடலாமைகள் இரவில் கரையேறி, ஒரு குழிக்கு நூற்றுச் சொச்சம் முட்டை இடுகின்றன. சுமார் இரண்டு மாதத்தில் குஞ்சு பொரியும். மணலின் சூட்டைப் பொறுத்து ஆணா பெண்ணா என்பது முடிவாகும், சூடு கூடினால் பெண். பொரிந்த குஞ்சு வெளிச்சமான அடிவானத்தைக் கடல் என்று நம்பி ஓடுகிறது. கரையில் மின்விளக்கு இருந்தால் அதை நோக்கி ஊர் பக்கம் ஓடிச் செத்துப்போகும். ஹோட்டல் பால்கனி வரிசையாக எரியும் கரையில் இதுதான் நடக்கிறது. தம்பி கேட்ட கேள்விக்குப் பாதி பதில் இதிலேயே இருக்கிறது. பருவத்தில் ஒவ்வொரு நாள் காலையும் தீவை நிர்வகிக்கும் தேசியப் பூங்காத் துறையின் உயிரியலாளர்கள் கரை முழுக்கப் போய்ப் புதுக் குழிகளைத் தேடிக் குறித்து வைக்கிறார்கள்.

தீவின் குதிரைகளைப் பார்க்கத்தான் நிறையப் பேர் வருகிறார்கள். நூற்றைம்பதை ஒட்டி இருக்கும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. முன்னொரு காலத்தில் ஆட்கள் வளர்த்து, அப்படியே விட்டுவிட்டுப் போனவற்றின் வழி வந்தவை. இலங்கையின் நெடுந்தீவுக் குதிரைகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது. இவற்றுக்குத் தீனி போடுவதில்லை, வைத்தியம் பார்ப்பதில்லை. அட்லாண்டிக் கரையில் பராமரிப்பே இல்லாத ஒரே காட்டுக் குதிரைக் கூட்டம் இதுதான் என்கிறது பூங்காத் துறை. குறைந்தது 50 அடி தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். தள்ளி நின்று பார்த்தாலே சிலவற்றின் விலா எலும்பு தெரிந்தது. சதுப்புப் புல்லும் ஸீ ஓட்ஸும்தான் அவற்றின் உணவு. அவை தின்னத் தின்ன மணல்மேடு பலவீனமாகிறது. அழகான காட்சி என்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை. குதிரைக்கும் நல்லதில்லை, தீவுக்கும் நல்லதில்லை என்றால் கூட்டத்தைப் பெருகவிடாமல் கட்டுப்படுத்துவதுதான் இரக்கம் என்று நினைக்கிறேன். படம் பிடித்துப் பழகியவர்களுக்கு இது பிடிக்காது. ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

வடக்கே நடந்தால் தீவு இன்னொரு முகத்தைக் காட்டும். துறையிலிருந்து மூன்றரை மைலில் ஸ்டாஃபர்ட் பீச் முகாம். அதற்கும் அப்பால், 1982இல் சட்டப்படி கானகமாக அறிவிக்கப்பட்ட 9,886 ஏக்கர். அதற்குள் ஹிக்கரி ஹில், யாங்கீ பாரடைஸ், கடைசியாகப் பத்தரை மைல் தொலைவில் பிரிக்ஹில் பிளஃப். அங்கே நெருப்பு மூட்டக் கூடாது, சமைக்கச் சின்ன அடுப்புதான். கிணற்று நீரைச் சுத்திகரித்துத்தான் குடிக்க வேண்டும். கூண்டு கிடையாது, உணவுப் பையைக் கயிற்றில் கட்டிக் கிளையில் உயரமாகத் தொங்கவிட வேண்டும். நாங்கள் ஸ்டாஃபர்ட் வரை சுமையோடு போய்த் தங்கினோம். பாதை முழுக்க ஓக் நிழல், காய்ந்த இலையில் சரசரவென்று ஆர்மடில்லோ என்ற ஓடு மூடிய விலங்கு. அதற்குப் பார்வை மிகக் குறைவு. அசையாமல் நின்றால் நம் காலடி வரை மோப்பம் பிடித்துக்கொண்டு வந்துவிடும். என் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது அவள் செருப்பை முகர்ந்துவிட்டு அவசரமில்லாமல் போனது. வழியில் அவள் ஒரு சுறாப்பல் கண்டெடுத்தாள், கறுப்பாகக் கல்லாகிப்போனது. தூர்வாரிய மண்ணைப் பாதைகளில் கொட்டியதால் புதைபடிவப் பற்கள் இங்கே நடைபாதையில் கிடைக்கின்றன. இந்தப் பற்களையும் உயிரில்லாத வெறும் சிப்பிகளையும் எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு.

ஆளில்லாத காடு என்று நினைத்துக்கொண்டு நடந்தாலும், இங்கே ஆள் வாழாத நூற்றாண்டு இல்லை. திமுக்குவா என்ற பழங்குடி மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இருந்தார்கள். அவர்கள் தின்று போட்ட கிளிஞ்சல் மேடுகள் இன்னும் இருக்கின்றன. 1587இல் ஸ்பானியர்கள் கிறிஸ்தவ மிஷன் அமைத்தார்கள். பிறகு பருத்தித் தோட்டங்கள். ராபர்ட் ஸ்டாஃபர்ட் என்ற தோட்ட முதலாளியிடம் நூற்றுக்கணக்கான ஆப்பிரிக்க அடிமைகள் வேலை செய்தார்கள். அவர்கள் வாழ்ந்த குடிசைகள் போய்விட்டன, அவற்றின் புகைபோக்கிகள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. நாங்கள் தங்கிய முகாமின் பெயர் அந்த ஆளின் பெயர்தான் என்பது தெரிந்த பிறகு அங்கே அடுப்பு மூட்டும்போது மனம் ஒரு மாதிரி இருந்தது.

1880களில் எஃகு அதிபர் ஆண்ட்ரூ கார்னகியின் தம்பி தாமஸும் அவர் மனைவி லூசியும் தீவில் நிலம் வாங்கி, தென்முனையில் டன்ஜனஸ் என்ற மாளிகையைக் கட்டினார்கள். தாமஸ் 1886இல் இறந்துவிட, லூசி தொடர்ந்து வாங்கிக் கிட்டத்தட்டத் தீவு முழுவதையும் சொந்தமாக்கிக்கொண்டார். மாளிகை 1959இல் எரிந்துபோய் இப்போது சுவர்கள் மட்டும். சுற்றுலா வருகிறவர்கள் அந்தச் சுவர்களைத்தான் படம் எடுக்கிறார்கள். எனக்கு அவற்றைவிட லூசியின் உயில்தான் முக்கியமாகப் படுகிறது. 1916இல் இறந்த லூசி, தன் பிள்ளைகளில் கடைசி ஆள் உயிரோடு இருக்கும் வரை தீவு நிலத்தை விற்கக் கூடாது என்று ஏற்பாடு செய்துவிட்டுப் போனார். அந்தக் கடைசி மகள் இறந்தது 1962இல். கரையோரத் தீவுகளில் எல்லாம் பாலமும் சாலையும் வந்துகொண்டிருந்த அந்த 46 ஆண்டுகளும் கம்பர்லாண்டைத் தொட முடியவில்லை. பணக்காரக் குடும்பத்தின் தனி விளையாட்டு மைதானமாக இருந்ததில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. ஆனால் விளைவு அதுதான்.

பூட்டு திறந்ததும் விலை பேசுவது தொடங்கியது. தென் கரோலினாவின் ஹில்டன் ஹெட் தீவைக் குழிப்பந்து (கோல்ஃப்) மைதானமும் விடுமுறை வீடுகளுமாக மாற்றிப் பேர் வாங்கிய சார்ல்ஸ் ஃபிரேசர், 1968இல் கார்னகி வாரிசுகள் சிலரிடமிருந்து சுமார் 3,000 ஏக்கர் வாங்கினார். இங்கேயும் அதையே செய்யத் திட்டம். மற்ற வாரிசுகளும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் எதிர்த்தார்கள். 1970இல் அவர் அந்த நிலத்தைத் தேசியப் பூங்கா அறக்கட்டளைக்கு விற்றுவிட்டார். 1972 அக்டோபர் 23 அன்று கம்பர்லாண்டைப் பாதுகாக்கப்பட்ட தேசியக் கடற்கரையாக்கும் சட்டம் வந்தது. ஃபிரேசரின் நிறுவனம் சும்மா இருக்கவில்லை. தெற்கே அடுத்து, ஃபுளோரிடாவில் இருக்கும் அமேலியா தீவில் போய் விடுமுறைக் குடியிருப்பை எழுப்பியது.

கம்பர்லாண்டின் தென்முனையில் நின்றால் அமேலியா தெரியும். நடுவில் ஒரு கழிமுகம் மட்டும். இரண்டு தீவுக்கும் ஒரே கடல், ஒரே மணல், ஒரே ஓக் மரம். அங்கே பாலம், ஆலைப் புகை, ஹோட்டல்கள். இங்கே பலகைப் பாதையும் குதிரைச் சாணமும். தம்பியை அங்கே நிறுத்தி எதிர்க்கரையைக் காட்டினேன். "ரெண்டும் ஒண்ணாத்தான்க்கா இருந்திருக்கும்" என்றான். ஆமாம், ஒன்றாகத்தான் இருந்தன.

சட்டம் வந்ததோடு முடிந்துவிடவும் இல்லை. இந்தத் தீவும் அடங்கிய கேம்டன் மாவட்டம் மேற்கே பெருநிலக் கரையில் ராக்கெட் ஏவுதளம் ஒன்றுக்குத் திட்டமிட்டு, 2021 டிசம்பரில் மத்திய உரிமமும் வாங்கிவிட்டது. ராக்கெட்டுகள் இந்தத் தீவின் மேலாகப் பறக்க வேண்டியிருந்திருக்கும். 2022 மார்ச்சில் மாவட்ட மக்களே வாக்கெடுப்பில் அதை நிராகரித்தார்கள். ஒரு தீவு காலியாக இருக்க இவ்வளவு பேர் இவ்வளவு முறை உழைக்க வேண்டியிருக்கிறது.

இப்போது 300 என்ற எண்ணுக்கு வருகிறேன். 1984இல் போட்ட மேலாண்மைத் திட்டத்தில் வந்த வரம்பு அது. 2022 இறுதியில் பூங்காத் துறை வெளியிட்ட ஒரு வரைவு, இதை 700 வரை உயர்த்தலாம் என்றது. கடும் எதிர்ப்பு வந்தது. 36,000 ஏக்கருக்கு மேல் இருக்கும் தீவில் 700 பேர் பெரிய கூட்டமா என்று கேட்கலாம். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு சதுப்பும் கழியும், யாரும் கால் வைக்க முடியாது. மிஞ்சிய நிலத்திலும் வருகிறவர்கள் பரவி நிற்பதில்லை. எல்லாரும் அதே இரண்டு துறைகளில் இறங்கி, அதே ஓக் பாதையில் நடந்து, அதே பலகையில் மணல்மேட்டைக் கடந்து, அதே இடிந்த மாளிகைக்குப் போகிறார்கள். எண்ணிக்கை இரட்டித்தால் அந்தச் சில இடங்களில்தான் முழுச் சுமையும் இறங்கும். அப்புறம் கழிப்பறை கூட்ட வேண்டும், படகு கூட்ட வேண்டும், தின்பண்டம் விற்க ஒரு பெட்டிக்கடை வரும். அமேலியா அப்படித்தான் படிப்படியாக ஆனது. வரம்பைத் தொடக் கூடாது என்பதுதான் என் கட்சி.

ஆனால் எதிர்வாதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதைத் தள்ளிவிட முடியாது. பல மாதம் முன்பே பதிவு செய்யவும், படகுக்குப் பணம் கட்டவும், விடுப்பு எடுக்கவும் முடிந்த எங்களைப் போன்றவர்களால்தான் இந்த 300 இடங்களும் நிரம்புகின்றன. தீவின் வடகோடியில் செட்டில்மென்ட் என்ற இடம் இருக்கிறது. உள்நாட்டுப் போருக்குப் பின் விடுதலையான கறுப்பின மக்கள் அமைத்த குடியிருப்பு. 1893இல் தொடங்கி, 1930களில் திரும்பக் கட்டிய ஒரு சின்ன மரத் தேவாலயம் அங்கே நிற்கிறது. 1996இல் ஜான் எஃப் கென்னடியின் மகன் கல்யாணம் செய்துகொண்ட இடம் என்பதால்தான் அதை உலகத்துக்குத் தெரியும். பூங்காத் துறை வேனில் அங்கே போய்ப் பார்த்தோம். உள்ளே சில பெஞ்சுகள், ஒரு சிலுவை, அவ்வளவுதான். அந்தப் பெஞ்சுகளில் வாராவாரம் உட்கார்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கடலுக்கு இந்தப் பக்கம் செயின்ட் மேரிஸ் போன்ற ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களும் எங்களோடு ஒரே வரிசையில் நின்று, அதே கட்டணத்தைக் கட்டித்தான் தாத்தா பாட்டி ஊருக்குப் போக வேண்டும்.

எண்ணை உயர்த்தாமலே இதைச் சரிசெய்ய வழி உண்டு. முன்னூறில் ஒரு பகுதியை அந்தக் குடும்பங்களுக்கும் கேம்டன் மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கட்டணமில்லாமல் ஒதுக்கலாம். அதற்காக எங்களைப் போல வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இன்னும் சில மாதம் கூடுதலாகக் காத்திருக்க நேர்ந்தால் காத்திருக்கலாம், அதில் ஒன்றும் குறைந்துவிடாது. தம்பியிடம் இதைச் சொன்னேன். அவன் ஏற்கனவே அடுத்த வருடம் பிரிக்ஹில் பிளஃப் வரை சுமந்து போவதற்குப் பையின் எடையைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். "லேட்டானா ஜனவரில போகலாம்க்கா, குட்டி போட வர்ற திமிங்கலம் கரைக்குப் பக்கத்துல இருக்கும்" என்றான். கொல்லுவதற்கு ஏற்ற திமிங்கலம் என்று வேட்டைக்காரர்கள் கிட்டத்தட்டத் துடைத்தழித்துவிட்ட ரைட் வகை அது. இன்று வட அட்லாண்டிக்கில் நானூறுக்குக் கொஞ்சம் குறைவாகவோ அதை ஒட்டியோதான் மிஞ்சியிருக்கின்றன. குளிர்காலத்தில் குட்டி ஈன அவை வருவது இந்த ஜார்ஜியா, ஃபுளோரிடாக் கரைக்குத்தான். ஜனவரி என்றால் இரவில் குளிரும், மகளுக்குக் கனமான உறைபடுக்கை வாங்க வேண்டும். அந்த எடையை யார் சுமப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.